மண்டபத்தில் வாசிக்காமல் எழுந்து வந்த நாள்

தனிக் கிட்டார் வாசிக்க வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்தக் கம்பி போடலாம், நகத்தை எவ்வளவு வளர்க்கலாம் என்பதையெல்லாம் சொல்ல என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். என் இடது கை மோதிர விரல் மரத்துப்போய், மேடையை விட்டு இறங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். விரல்களைப் பற்றி நான் பேசினால் விரல்களே சிரிக்கும். எப்போது வாசிப்பது, எப்போது வாசிக்காமல் இருப்பது என்று நான் முடிவெடுக்க நேர்ந்த சில சமயங்களை மட்டும் சொல்கிறேன். உற்சாகமான கதை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு மல்லியும் வத்தலும் மொத்த வியாபாரம். கடையில் அண்ணன் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்திருப்பதுபோல் காட்டிவிட்டுச் சிவகாசிக்குப் பஸ் ஏறிவிடுவேன். அங்கே செல்வம் இருந்தான். அவன் அப்பாவுக்கு ஊருக்குள் ஓர் அச்சகம், தாயில்பட்டி போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. நான் எலெக்ட்ரிக் கிட்டார். செல்வம் டிரம்ஸ். பாடுவதற்கு ஒருவன், பேஸ் கிட்டாருக்கு ஒருவன். அச்சகத்துக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கிய குடோனில் பயிற்சி செய்வோம். மெஷின் ஓடுகிற சத்தத்தில் நாங்கள் போடும் சத்தம் யாருக்கும் கேட்காது. காலண்டர் சீசன் முடிந்து மெஷின் நின்றால்தான் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கல்லூரி விழாக்களுக்கு எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது கம்பெனியின் லோடு வண்டி. அதை ஓட்டியவர் பாண்டி. எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நாங்கள் வாசிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பின்னால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் பஞ்சை உருவி எறிந்துவிட்டு, "இன்னைக்குச் சத்தம் பத்தல பாய். பின்னால நின்ன புள்ளைக ஆடவே இல்ல" என்பார். செல்வத்துக்கு ரோசம் வந்துவிடும். அடுத்த ஊரில் குச்சி உடையும்வரை அடிப்பான். மேடையில் எங்கள் நாலு பேருக்கும் அப்போது தெரிந்த ஒரே முன்னேற்றம் சத்தத்தைக் கூட்டுவதுதான்.

குழு உடைந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பாடுகிறவன் வளைகுடாவுக்குப் போனான். பேஸ் வாசித்தவனுக்குப் பெங்களூரில் வேலை. செல்வத்தை அவன் அப்பா கம்பெனியில் உட்கார வைத்தார். வண்டியை விற்றபோது பாண்டியை மருந்து கலக்கும் ரூமுக்கு மாற்றினார்கள். பட்டாசுக்குள் போகிற ரசாயனப் பொடியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு மரக் கிட்டார் வாங்கினேன். இனி ஆள் தேட வேண்டியதில்லை, நான் ஒருவனே போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. எனக்குத் தெரிந்த வேகமெல்லாம் கையில் இருந்தது. இருந்தும் வாசித்தது எதுவும் ஒரு பாட்டாக நிற்கவில்லை. மதுரையில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அவர் பெயரை எழுதுவதை அவர் விரும்ப மாட்டார். நான் வாசித்ததைக் கண்ணை மூடாமல், தலையை ஆட்டாமல், என் கையை மட்டும் பார்த்தபடி கேட்டார்.

"சார், நடுவுல நடுவுல நிறுத்திட்டு யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றார்.

"நிறுத்தலையே."

"நிறுத்துறீங்க. இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன். அவர் விரலை உயர்த்தினார். அந்த இடத்தில் என் கை சும்மா இருந்தது. செல்வம் டிரம்மை உருட்டிக்கொண்டு வர வேண்டிய இடம் அது. குழுவை விட்டுப் போனவர்களுக்கெல்லாம் நான் இன்னும் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை.

"அவங்க வர மாட்டாங்க சார். நீங்களே எல்லாத்தையும் வாசிக்கணும், இல்லன்னா அது தேவையில்லன்னு முடிவு பண்ணணும்" என்றார் அவர்.

உங்களில் குழுவை விட்டுத் தனியாக வருகிறவர்கள் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு தடவை பதிவு செய்து கேட்டால் போதும். நான் அந்தக் காலி இடங்களை நிரப்ப உள்ளங்கையால் கிட்டாரின் மரத்தில் தட்டக் கற்றுக்கொண்டேன். கட்டைவிரலில் பேஸ், மற்ற விரல்களில் ராகம், உள்ளங்கை அடியில் டிரம். அந்தத் தட்டு எனக்கு நன்றாக வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் போயின. ஒரு நாள் காலை கடையில் வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வத்தின் கம்பெனியில் வெடித்துவிட்டது. மருந்து கலக்கும் ரூம். நான் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெண்கள் கூட்டம். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் வரும்போதும் எல்லாரும் ஓடினார்கள். அதில் தன் வீட்டு ஆள் இல்லை என்று தெரிந்தவர் ஒரு நொடி மூச்சு விட்டார். அடுத்த நொடி அதற்காக வெட்கப்பட்டார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாண்டியின் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை வைத்துத்தான் அவருடைய மனைவி முத்துமாரி அவரை அடையாளம் சொன்னார்.

போர்மேனைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போனது. செல்வத்தின் அப்பா ஊரில் இல்லை என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து முன்ஜாமீன் கிடைத்துத் திரும்பி வந்தார். இறந்தவர்கள் வீட்டுக்கு அவர் போகவில்லை.

சில வாரங்கள் கழித்துச் செல்வம் விருதுநகருக்கு வந்தான். மெலிந்து போயிருந்தான். கடைக்குப் பின்னால் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினோம்.

"ஏலே சாகுல், செத்தவுகளுக்கு ஒரு அஞ்சலிக் கூட்டம் வைக்கணும்லே. நம்ம மண்டபத்துல. பேச்சுப் பேசுனா எல்லாம் பொய்யாத் தெரியும். நீ தனியா ஒரு கிட்டார வச்சு வாசி. பாட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். பாண்டிக்காக வாசி."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். இத்தனை நாள் மூடிய அறையில் வாசித்தவனுக்கு அதுதான் முதல் தனி மேடை. ஆனால் அதற்காக ஒப்புக்கொள்ளவில்லை. பாண்டிக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். பத்துப் பதினைந்து நிமிடம் வரும் ஓர் இசையை உருவாக்கினேன். மெதுவாகத் தொடங்கி, நடுவில் உள்ளங்கைத் தட்டு ஏறி, கடைசியில் ஒற்றைக் கம்பியில் இறங்கி அடங்கும். நான் அதுவரை செய்ததிலேயே அதுதான் நல்லது என்று எனக்குத் தெரிந்தது. அது தெரிந்தது ஆபத்து. நல்லது கையில் இருக்கும்போது அதை எங்கே வாசிக்கிறோம் என்று நாம் கேட்பதில்லை.

கூட்டத்துக்கு முந்தைய வாரம், முறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று முத்துமாரியின் ஊருக்குப் போனேன். சாலையில் இருந்து உள்ளே கொஞ்ச தூரம் கருவேலங்காட்டு வழியாக நடக்க வேண்டும். முத்துமாரி வெளியே வந்து பார்த்தார்.

"வாங்க பாய். வெயில்ல வந்திருக்கீக, உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவரே தொடங்கினார்.

"மண்டபத்துல கூட்டம் வைக்காகளாமே."

"ஆமாம்மா. ஒங்களக் கூப்பிட்டாங்களா?"

"வேன் அனுப்புதோம், முன்னால வந்து உக்காருங்கன்னாக. நாங்க யாரும் வரலன்னுட்டோம்."

நான் வாசிக்கப்போகிறேன் என்றும், பாண்டிக்காகவே அதை உருவாக்கினேன் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"அவருக்கு ஒங்க குரூப்புன்னா அம்புட்டு இஷ்டம். வண்டி போனதுக்கப்புறமும் ஒங்க கதையத்தான் பேசுவாரு." என் எதிரில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கட்டுமா பாய்?"

"கேளுங்கம்மா."

"மொதலாளி இன்னும் இங்கன வரல. வந்து அழுக வேணாம். மன்னாப்புக் கேக்க வேணாம். இந்தா, இந்த வாசல்ல வந்து நிக்கணும். நான் அவுக மூஞ்சியப் பாக்கணும். அம்புட்டுதான் கேட்டோம், எல்லா வீட்டுக்காரவுகளும். அது நடக்கல. அதுக்குள்ள அங்கன நீங்க உருக்கமா வாசிச்சு, எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாகன்னா, முடிஞ்சு போச்சுன்னுல்ல ஆயிரும்?"

இசைக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்று நான் யோசித்ததே இல்லை. ஒன்றை முடித்துவைப்பது. கடைசிக் கம்பி அடங்கும்போது கேட்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகத்தான் நாம் இத்தனை பாடுபடுகிறோம். அது சேர வேண்டாதவர்களுக்கு முதலில் போய்ச் சேரக்கூடும் என்று அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

"செல்வத்துகிட்டப் பேசுறேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலமே அச்சகத்தில் செல்வத்தைப் பார்த்தேன். அப்பாவை ஒருமுறை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ, அதற்குப் பிறகு கூட்டத்தை வை என்றேன்.

"வக்கீல் போகவே கூடாதுங்காருலே. போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம்."

"வாசல்ல நின்னுட்டு வர்றதுலயா?"

"ஒனக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் கேஸு, ஒரு பக்கம் லைசென்ஸு. கம்பெனி மூடியே கெடந்தா மிச்சமுள்ள சனம் எங்கன வேலைக்குப் போகும்? அதுக்கும் நான்தான பதில் சொல்லணும்?"

அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. அவனை வில்லனாக நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். தூங்காத கண்கள் அவனுக்கு. கடைசியில், "சரி. கூட்டத்தன்னைக்குக் காலையில அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன். நீ வந்து வாசி" என்றான். கையைப் பிடித்துச் சொன்னான். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டேன். நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மேடையில் இறந்தவர்களின் படங்களைப் பெரிய பேனரில் போட்டிருந்தார்கள். செல்வம் வீட்டு அச்சகத்திலேயே அடித்தது. நிறமெல்லாம் சுத்தமாக வந்திருந்தது. பாண்டியின் படத்தை எங்கள் குழுவின் பழைய போட்டோ ஒன்றிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு கறுப்புச் சட்டையின் தோள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் தோள். முன்வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர்கள், வியாபாரிகள். அந்தப் பேனரில் இருந்தவர்களின் வீட்டு ஆட்கள் ஒருவரும் இல்லை.

பக்கத்து அறையில் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். செல்வம் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"போயிட்டு வந்தீகளா?" என்றேன்.

அவன் போனைப் பார்த்தான். "அப்பாவுக்குக் காலையிலயே பிரஷர் ஏறிருச்சுலே. கூட்டம் முடியட்டும். நாளைக்கே நானே கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப நாளைக்கு வாசிக்கேன்."

"வெளையாடாதலே. எல்லாரும் வந்து உக்காந்திருக்காக."

"வர வேண்டியவுக வரலையே செல்வம்."

வெளியே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அடுத்து என் பெயரைத்தான் சொல்வார்கள். இந்த இடத்தில் எனக்கு மூன்று வழிகள் இருந்தன. வாசித்துவிட்டு வருவது ஒன்று. மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, ஏன் வாசிக்க மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்வது இன்னொன்று. ராக் மேடையில் வளர்ந்தவன் நான். இரண்டாவது வழி எனக்கு எவ்வளவு இனித்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியும். பத்துப் போன்களாவது அதைப் படம் பிடித்திருக்கும். ஆனால் முத்துமாரி தனக்காகப் பேசும்படி என்னைக் கேட்கவில்லை. முடித்துவைக்காதே என்று மட்டும்தான் கேட்டார். மைக்கில் பேசியிருந்தால் அதுவும் என்னுடைய நிகழ்ச்சியாகத்தான் ஆகியிருக்கும். பாண்டி அதிலும் பேனரில்தான் தொங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வழிதான் மிச்சம். கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

செல்வம் கதவில் சாய்ந்து நின்றுகொண்டான். "பாண்டி செத்தது எனக்கு வலிக்கலன்னு நெனைக்கியா?"

"வலிக்குதுன்னுதான் நெனைக்கேன். அதான் ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போறேன்."

"எங்கப்பா மூஞ்சில கரியப் பூசிட்டுப் போறலே."

அவன் கொஞ்ச நேரம் நகரவே இல்லை. தள்ளிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. பிறகு விலகி நின்றான். "போ. இனிமே இந்தப் பக்கம் வராத." பின்வாசல் வழியாகச் சமையல்கூடத்தைத் தாண்டி வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்வரை மண்டபத்து ஸ்பீக்கரில் யாரோ பதிவு செய்த புல்லாங்குழலைப் போட்டிருந்தது கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டம் நடந்தது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் ஊர் திரும்புவதற்குள் விஷயம் விருதுநகர் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்டார். "யாவாரத்துல பகையச் சம்பாதிப்பாக, கேள்விப்பட்டிருக்கேன். வாசிக்கிறதுலயுமாலே?" அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மறுவாரம் முத்துமாரியைப் பார்க்கப் போனேன். கிட்டாரையும் கொண்டுபோயிருந்தேன். அவருக்கும் தகவல் போய்ச் சேர்ந்திருந்தது. நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "கேள்விப்பட்டேன் பாய். சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்டார். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். சாப்பிட்ட பிறகு, இங்கே வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் பாய்."

கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன். யாருக்காக ஒன்றைச் செய்தோமோ அவர்களே வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இது எளிதாகத் தெரியும். கையில் தயாராக ஓர் இசை இருக்கும்போது எளிதல்ல.

நான் வாசிக்காமல் வந்ததால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அந்த முதலாளி போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கேஸ் இழுத்துக்கொண்டே போனது. கம்பெனியை மறுபடி திறந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் கோயில் விழா, பள்ளி விழா எது நடந்தாலும் கம்பெனிக்காரர்கள் உதவி இல்லாமல் நடக்காது. என்னைக் கூப்பிட நினைத்தவர்களும் கூப்பிடாமல் விட்டார்கள். ஒருவேளை நான் வாசித்திருந்தால், முன்வரிசையில் இருந்த யாராவது மனம் இளகி அந்த மனிதரை வற்புறுத்தியிருக்கலாமோ என்று யோசித்திருக்கிறேன். இன்றுவரை எனக்கு விடை தெரியாது. ஒரு முடிவைச் சரியா தவறா என்று காலம் சொல்லும் என்பார்கள். பல முடிவுகளைப் பற்றிக் காலம் வாயே திறப்பதில்லை. அதோடுதான் வாழ வேண்டும்.

சென்னையில் ஒரு நிறுவனம் என் முதல் தனித் தொகுப்பை வெளியிட முன்வந்தது. நான் வாசித்துக் காட்டியதில் பாண்டிக்காகச் செய்ததுதான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. அதன் பின்கதையைக் கேட்டதும் இன்னும் பிடித்துவிட்டது. தொடக்கத்தில் ஒரு வெடிச் சத்தம் சேர்ப்போம், பிறகு ஆம்புலன்ஸ், அதற்குப் பிறகு உங்கள் கிட்டார் என்றார் அங்கிருந்த இளைஞர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவர் கவலை. சொல் இல்லாத இசைக்கு அந்தக் கவலை எப்போதும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கதையை நிறுத்தி வைத்தால் யாரும் உருகுவார்கள். நான் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். "சார், அதுதான் உங்க தொகுப்போட உயிரே" என்றார். எடுத்துவிட்டார்கள். தொகுப்பு வந்தது, கொஞ்சம் பேர் கேட்டார்கள். நான் செய்ததிலேயே நல்லது அதில் இல்லை. இன்றும் எங்கும் பதிவாகவில்லை. இப்போது இந்த விரலை வைத்துக்கொண்டு பதிவு செய்யவும் முடியாது.

வருடங்கள் கழித்துச் செல்வத்தின் அப்பா இறந்தார். நான் போனேன். கூட்டத்தில் செல்வம் என்னைப் பார்த்தான். பேசவில்லை. நானும் தூர நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் முத்துமாரியிடமிருந்து போன் வந்தது. அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"பாய், ஒங்க சிநேகிதரு வந்துட்டுப் போனாரு."

எனக்கு ஒரு நொடி யாரென்று விளங்கவில்லை. "செல்வமா?"

"ஆமா. எல்லா வீட்டுக்கும் போனாரு. தனியாத்தான் வந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல வந்து நின்னாரு. மூஞ்சியப் பாத்தேன். கேக்கணும்னு எம்புட்டோ வச்சிருந்தேன் பாய், இத்தன வருசமா. பாத்ததும் ஒண்ணும் வாயில வரல. அவுகப்பா சாடைதான், அப்படியே இருக்கு. போங்கன்னு சொன்னேன், போயிட்டாரு." மூச்சு விடுவது கேட்டது. "வேண்டியது கெடச்சும் மனசு ஆறல. அது அவுகப்பா வந்து நிக்க வேண்டிய எடம்ல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒருநா வாங்க. அந்தக் கிட்டார எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். முத்துமாரி முன்பைவிட நரைத்திருந்தார். மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், அன்று விடுமுறை. உள்ளறையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் ஒரு சில்வர் தட்டு கீழே விழுந்தது. தாயும் மகளும் ஒரே நேரத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். மகள் கையில் பிடித்திருந்த டம்ளர் அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இருவரும் நிமிர்ந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும்.

என் இசையின் நடுவில் உள்ளங்கைத் தட்டு வருகிறது என்று சொன்னேன் அல்லவா. மரத்தில் விழும் அந்த அடி கேட்கிறவர் நெஞ்சில் விழ வேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, முதல் கம்பியைத் தொடுவதற்குள் அதை எடுத்துவிட முடிவு செய்தேன். எடுத்தால் நடுவில் இசை தாங்குமா, விழுந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. வாசித்துப் பார்க்க நேரமும் இல்லை. இப்படிப்பட்ட முடிவுகளை ஒத்திகை பார்க்க முடியாது. எதிரில் இருப்பவரைப் பாருங்கள். நீங்கள் எழுதி வைத்திருப்பதைவிட அவர் பெரியவர்.

தொடங்கினேன். முத்துமாரி தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மகள் கதவோரம் நின்றாள். தட்டு இருந்த இடம் வந்தது. உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்து, அடிக்காமல் எடுத்துக்கொண்டேன். கம்பிகள் தனியாகப் போயின. நொண்டியபடிதான் போயின. ஆனாலும் விழவில்லை.

பாதியைத் தாண்டியிருப்பேன். தெருவில் ஒரு குரல் கேட்டது. "ஏக்கா, தண்ணி வந்துருச்சு!"

அந்த ஊரில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கொஞ்ச நேரம்தான் வரும். விட்டால் மறுபடி பல நாள் காத்திருக்க வேண்டும். முத்துமாரி என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டேன். அவர் எழுந்து ஓடினார். மகள் பிளாஸ்டிக் குடங்களை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள். நானும் கிட்டாரை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனேன். குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. நிறைந்த குடத்தை நான் தூக்கியபோது முத்துமாரி, "நீங்க எதுக்கு பாய், விடுங்க" என்றார். விடவில்லை. தண்ணீர் நிற்கும்வரை சுமந்தோம். சட்டை முழுவதும் நனைந்துவிட்டது.

திரும்பி வந்ததும் மகள் எனக்குத் துண்டு கொடுத்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். இனி வாசிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கிட்டாரைப் பைக்குள் வைத்துவிடலாம் என்று எடுத்தேன்.

முத்துமாரி சேலை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, மறுபடி அதே சுவரோரம் உட்கார்ந்தார்.

"எங்கன விட்டீக பாய்?"

"பாதியிலம்மா."

"அங்கன இருந்தே வாசிங்க."

ஈர விரல்களால் வாசித்தேன். கம்பி ஓரிரு இடங்களில் வழுக்கியது. கடைசி ஒற்றைக் கம்பி அடங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. கண் தரையில் இருந்தது. மகள் என்னைப் பார்த்து, இருக்கட்டும் என்பதுபோல் தலையை அசைத்தாள். நான் சத்தமில்லாமல் கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கினேன்.